பதக்கத்தின் விளிம்பில் இருந்த பெயர்

1973-இல் பழமலையிடம், ஆசையாகச் சேர்த்த நாற்பத்தொரு போர்ப் பதக்கங்கள் இருந்தன. விருத்தாசலத்துப் பீங்கான் ஆலை ஒன்றில் அச்சு வார்ப்பவர் அவர். கிடைத்த பதக்கத்தையெல்லாம் பிளாஸ்டரில் பதித்து, களிமண்ணில் நகலும் செய்து வைப்பார். அச்சில் சிக்காமல் கழன்றுவர, விளிம்பை முதலில் அரத்தால் தேய்த்துவிடுவார்.

1965 போரில் இறந்த லூர்துசாமியின் மனைவி செசிலி, இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கொன்று வேண்டுமென்று, கணவரின் பதக்கத்தை நகலெடுக்கக் கொடுத்திருந்தார். வாங்க வந்தவர் நகலைப் பார்க்கவில்லை. பதக்கத்தின் விளிம்பைத் தடவினார்.

“ஓரத்துல அவரு பேரு இருந்துதுங்களே அண்ணே? படிக்கத் தெரியாட்டியும் தெனம் தொட்டுப் பாப்பேன்.”

“எழுத்துன்னு தெரியும்மா. அச்சுல மாட்டிக்கும்னு தேச்சிட்டேன்.”

“அச்சு நல்லா வரணும்னு ஆளையே அழிச்சிட்டீங்களே!”

செசிலி போனதும் பழமலை தன் பெட்டியைத் திறந்தார். நாற்பத்தொரு பதக்கங்களின் விளிம்பும் வழவழவென்று இருந்தது. வாங்கியவர்களின் பெயர்கள் எல்லாம் அரத்தில் போயிருந்தன; எது யாருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரிடம் கொடுத்து லூர்துசாமி பெயரை மறுபடி வெட்டித் தருவதாகச் சொல்ல, செசிலியின் வீட்டுக்குப் போனார். செசிலி பதக்கத்தை மறுபடி அவர் கையில் கொடுக்கவில்லை.