ஓதிய தண்ணீரும் ஓதாத தண்ணீரும்

எங்கள் மாமா தோற்று நான் கண்டது ஒரே ஒருமுறைதான். அதுவும் ஒரு மிளகாய்க் கன்றிடம்.

அவர் அம்மாவின் ஒரே தம்பி. இருபத்தாறு வயது. நயினாதீவில் எங்கள் வீட்டில் தங்கியிருந்து பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். பரிசோதிக்காமல் எதையும் நம்பக்கூடாது என்பது அவருடைய கட்சி. பத்து வயதில் நானும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். மொத்த உறுப்பினர்கள் இரண்டு பேர். அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்துத் தேங்காய் உடைப்பவர்களையும் அவர் சும்மா விட்டதில்லை. கொஞ்சம் தள்ளிப் புத்த விகாரையும் இருந்ததால் அவருக்கு வேலை இரட்டிப்பாக இருந்தது.

"ஆன்மா எண்டு ஒண்டு இல்லையாம். ஆனா செத்த பிறகு திரும்பப் பிறக்கிறதாம். அப்ப பிறக்கிறது ஆர்?" என்று சோற்றைப் பிசைந்தபடி கேட்பார். அம்மாவுக்கு மறுமொழி தெரியாது. எனக்கும் தெரியாது, ஆனாலும் வென்றுவிட்டவள் போலச் சிரிப்பேன். தன்னைக் கும்பிடும்படி புத்தர் சொல்லவே இல்லை, விகாரைக்கு வருகிறவர்களோ அரச மரத்துக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வரம் கேட்கிறார்கள் என்பார். ஒரு சிம்மாசனத்துக்காகச் சண்டை பிடித்த இரண்டு நாகராசாக்களைச் சமாதானப்படுத்தப் புத்தர் ஆகாய வழியாக எங்கள் தீவுக்கு வந்தாராம் என்ற கதையில்தான் அவருக்குக் கொள்ளை ஆசை. "கதிரைச் சண்டை இன்னும் முடியேல்லை. இப்ப ஒருக்கா வந்திட்டுப் போகலாம்தானே?" என்பார்.

எண்பத்துமூன்று கலவரம் கழிந்து இரண்டு வருடம் இருக்கும். தெற்கிலிருந்து யாத்திரை வருகிறவர்கள் குறைந்து, இறங்குதுறையில் துவக்கோடு நிற்கிற படைக்காரர்கள் கூடிக்கொண்டிருந்த நேரம். அப்போது பார்த்து மாமாவுக்குக் கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சை வந்தது. இறங்குதுறையில் இளம் பெடியன்களை மறித்துப் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. விகாரையில் பிக்கு பிரித் என்கிற காவல் மந்திரம் ஓதிக் கட்டுகிற வெள்ளை நூலைக் கையில் கட்டிக்கொண்டு போனால் ஒன்றும் நடவாது என்று யாரோ அம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். போய் ஒரு நூலும் வாங்கி வந்துவிட்டார்.

"நூல் காப்பாத்துமெண்டால் அங்க நிக்கிறவனுக்கு ஏன் துவக்கு? அவன்ர கையிலயும்தானே நூல் கட்டியிருக்கு?" என்றார் மாமா.

"தம்பி, எனக்காண்டிக் கட்டு."

"ஏலாது அக்கா. நிரூபியுங்கோ, கட்டுறன்."

அப்படித்தான், ஓதலுக்குச் சக்தி உண்டா என்று பார்க்கிற எங்கள் ஆய்வு தொடங்கியது. இரண்டு பால்மா டின்களில் ஒரே மண், ஒரே உயரத்தில் இரண்டு மிளகாய்க் கன்றுகள். தீவில் பாதிக் கிணறுகள் உவர் என்பதால், நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றிலிருந்து மட்டும் அள்ள வேண்டும் என்று மாமா கண்டிப்பாகச் சொன்னார். அள்ளியதில் ஒரு போத்தல் விகாரைக்குப் போகும். பிக்கு முகம் சுளிக்காமல் அதற்கு முன்னால் இருந்து ஓதித் தருவார். மற்றப் போத்தல் ஓதாமல் வீட்டில் இருக்கும். நாளுக்கு ஒரு சிரட்டை வீதம் நான் ஊற்றி, அடிமட்டத்தால் அளந்து, கொப்பியில் எழுத வேண்டும். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய பொறுப்பை அதற்குப் பிறகும் யாரும் என்னிடம் தரவில்லை.

ஒரு கிழமை வரை இரண்டு கன்றும் ஒரே உயரத்தில் நின்றன. மாமா விசில் அடித்துக்கொண்டு திரிந்தார். எட்டாம் நாள் ஓதாத கன்றின் இலை நுனி கருகியது. பத்தாம் நாள் கன்றே தலை சாய்ந்துவிட்டது. பக்கத்து டின்னில் ஓதிய கன்று பச்சைப் பசேலென்று நின்றது.

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் நான் விஞ்ஞானி அல்லவா? குனிந்து பார்த்தேன். டின்னின் ஓரத்து மண்ணில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. வீட்டில் எங்கள் இருவரையும் விட்டால் இருந்தது ஒரே ஆள்தான்.

"மாமா, ஓடி வாங்கோ! அம்மா உப்புத் தண்ணி ஊத்தியிருக்கிறா! அம்மா கள்ளவேலை செய்திட்டா!"

மாமா வந்தார். அவரும் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். அம்மா குசினி வாசலில் நின்றார். கையில் அந்த வெள்ளை நூல். மாமா அம்மாவைப் பார்த்தார், அந்த நூலைப் பார்த்தார். நான் தீர்ப்புக்காகக் காத்திருந்தேன்.

"உப்பில்லை, பிள்ளை. நான் தோத்திட்டன்" என்று சொல்லி, போய் அம்மாவிடம் கையை நீட்டினார்.

அம்மா நூலை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உப்பை நக்கிப் பார்த்துவிட்டு உப்பில்லை என்கிற ஒரு மனிதரிடமா நான் விஞ்ஞானம் படித்தேன்? கொப்பியில் அன்றைய திகதிக்கு நேரே 'உப்பு' என்று பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் இறங்குதுறைக்குப் போனோம். மாமாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் முன்பு படித்த பெடியன் ஒருவன் வந்தான். கடற்றொழில் செய்கிற வேதக்கார வீட்டுப் பிள்ளை, பத்தொன்பது வயதிருக்கும். அக்கரையில் பஸ் ஏற்றிவிட்டுத்தான் திரும்புவேன் என்று தானாகவே வந்தவன். கழுத்தில் சிலுவை போட்டிருந்தான். கையில் ஒன்றும் இல்லை.

வரிசை நகர்ந்தது. சீருடைக்காரன் மாமாவின் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அவருடைய மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். அவனுடைய கையிலும் அதேபோல ஒரு நூல், அழுக்கேறிப்போய் இருந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்து, போகும்படி தலையை ஆட்டினான். அம்மா எனக்குப் பக்கத்தில் மூச்சு விட்டது கேட்டது.

அடுத்து அந்தப் பெடியன். அவனுடைய அட்டையைச் சீருடைக்காரன் பார்க்கவே இல்லை. வெறுங்கையைப் பார்த்தான். பெட்டியைப் பறித்து வள்ளத்துக்குள் எறிந்துவிட்டு, அவனை வெயிலில் முழங்காலில் இருக்கச் சொன்னான்.

மாமா திரும்பி வந்தார். "அவன் என்ர மாணவன், என்னோட வந்தவன்" என்றார். தமிழில் சொன்னார், பிறகு தெரிந்த இங்கிலீசில் சொன்னார். துவக்கு நுனி வள்ளத்தைக் காட்டியது. "போங்கோ சேர், நான் சமாளிப்பன்" என்றான் பெடியன், தரையைப் பார்த்தபடி. வள்ளக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மாமா ஏறினார்.

ஏறி நின்றவர், எப்போதும் முழங்கைக்கு மேலே மடித்துவிட்டிருக்கிற சட்டைக் கையை அந்தக் கொளுத்தும் வெயிலில் மெல்ல இறக்கி, நூலை மூடிப் பொத்தானைப் பூட்டினார். எங்களுக்குக் கை காட்டவும் இல்லை.

தோற்றுப்போன வெட்கம் என்று நினைத்தேன். எனக்கு இரக்கம் வந்துவிட்டது. மூன்று நாள் கோபத்தையும் மறந்து, வள்ளம் விலக விலக, கையை வாயில் குவித்துக் கத்தினேன்: "மாமா, நூல் ஒண்டும் செய்யேல்லை! அது உப்புத்தான்!"

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா என் வாயைப் பொத்தினார். பிறகு, பெடியனை விடுமட்டும் அங்கேயே குந்தியிருந்தார். பின்னேரம்தான் விட்டார்கள். அதுவரை நான் பசிக்கிறது, பசிக்கிறது என்று அவரை அரித்தெடுத்தேன்.

நான் கத்தியது சரிதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்: நூலுக்கு ஒரு சக்தியும் இல்லை, கன்று கருகியது உப்பால். மாமா அன்று திரும்பிப் பார்க்காதது ஏன் என்று அந்தக் கொப்பியில் எழுத எனக்குத் தெரியவில்லை. உப்பைத் தெரிந்தும் கையை நீட்டியபோது, அக்காவுக்காகத் தோற்பதாகத்தான் அவர் நினைத்திருப்பார். அந்தத் தோல்வியின் விலையை நூல் கட்டாத இன்னொருவன் முழங்காலில் நின்று கட்டுவான் என்று அவர் கணக்குப் பார்த்திருக்கவில்லை.