பின்சீட்டில் மூன்று பேர்

அலுவலகத்தில் அவளுக்கு ஐஸ்கட்டி என்று பெயர். வாட்டர் ஹீட்டர் விற்கும் ஒரு கம்பெனியின் புகார் பிரிவில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், பச்சைத் தண்ணீரில் குளித்த எரிச்சலில் இருக்கிறவர்கள் எல்லாம் வரிசையாக வந்து திட்டுவார்கள். அவள் குரல் இம்மிகூட ஏறாது. "உங்க சிரமம் புரியுதுங்க" என்பாள். பக்கத்து நாற்காலிக்காரி, "உனக்குக் கோபமே வராதாடி?" என்று கேட்பாள். வரும். வந்ததைத் தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டு அடுத்த அழைப்பை எடுப்பாள்.

வீட்டில் இரண்டு வயது மகள். அவளுக்குப் பின் இரட்டையாக இரண்டு பையன்கள், கழுத்து நின்று கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் மூன்றையும் பார்த்துக்கொண்டது அடுத்த தெருவில் இருந்த நாத்தனார். கணவனின் அக்கா. கைராசிக்காரி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அந்த உதவி இல்லாவிட்டால் இவள் வேலையை விட வேண்டியதுதான். அதனால் நாத்தனாரிடமும் விழுங்கித்தான் பழக்கம்.

கார் சின்னது. பின்சீட்டில் குழந்தை சீட் மூன்று வைத்தால் கதவைச் சாத்த முடியாது. மகளின் சீட் நாத்தனார் ஆசையாக வாங்கித் தந்தது. இரண்டு பக்கமும் பால் புட்டி வைக்கக் குழி, தடித்த கைப்பிடி, சிம்மாசனம் மாதிரி. அது ஒன்றே பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எனவே மூன்று குழந்தைகளும் ஒரே நேரத்தில் காரில் போனதே இல்லை. ஒன்று வீட்டில் இருக்கும், இல்லையென்றால் கணவன் இரண்டு நடை அடிப்பான்.

ஒருநாள் தலைவலி என்று சீக்கிரமே வீடு திரும்பினாள். செருப்பு அடுக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் பையன்களில் சின்னவனின் சீட் கிடந்தது. வீட்டில் ஆள் இல்லை. கார் இல்லை.

புரிவதற்கு ஒரு நொடி ஆயிற்று. அவனைச் சீட் இல்லாமலே காரில் ஏற்றிப் போயிருக்கிறார்கள்.

போன மாதம் கடைக்குப் போய்த் திரும்பும்போது நாய் குறுக்கே ஓடிவந்து கணவன் பிரேக் போட்டான். பின்சீட்டில் இருந்த சலவைத்தூள் பை பறந்து வந்து டாஷ்போர்டில் மோதி வெடித்தது. இருவரும் தும்மிக்கொண்டே சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து கிழிந்த பையைக் கையில் தூக்கியபோதுதான் அவளுக்குச் சிரிப்பு நின்றது. சின்னவன் எடைக்குச் சரியாக இருந்தது அது.

கார் வந்து நின்றது. கணவன் ஓட்டிவந்தான். பின்னால் நாத்தனார், மடியில் சின்னவன். கைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பெரியவளுக்கு உடம்பு அனலா கொதிச்சுது. தம்பியை வரச் சொல்லி டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோம்" என்றாள் நாத்தனார். "ஒண்ணுமில்ல, சளிதான். நீ பயப்படாத."

"அண்ணி, இவனோட சீட் ஏன் கீழ கிடக்கு?"

"மூணையும் வச்சா கதவைச் சாத்த முடியுதா? மடியில பத்திரமாத்தான வச்சிருந்தேன்?"

"பிரேக் போட்டா உங்க கை அவனைத் தாங்குமா?"

"உன் புருஷன் என் மடியிலதான் வளர்ந்தான். குறைஞ்சா போயிட்டான்?"

கணவன் நடுவில் புகுந்தான். "விடுங்க ரெண்டு பேரும். ஒண்ணும் ஆகலையே!"

அந்த "ஒண்ணும் ஆகலையே"தான் அவளை உடைத்தது. அக்காவைவிட இவன்மேல்தான் ஆத்திரம். சலவைத்தூளில் தும்மியவன் இவன். பார்த்தவன்.

"சாவியைக் குடுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"மூணு பேரும் அவங்கவங்க சீட்ல உட்கார்ற வரைக்கும் இந்த வண்டி நகராது."

"அப்ப பெரியவ சீட்டை முன்பக்கம் பார்த்துத் திருப்பிடலாமே!" என்றான்.

"திருப்பினா அகலம் குறையுமா? அவ கழுத்துக்கு இன்னும் பின்பக்கம் பார்த்து உட்கார்றதுதான் நல்லது."

"சரி, ஒண்ணை முன்சீட்ல வைப்போம்."

"முன்னால ஏர்பேக் இருக்கு. அது விரிஞ்சா நேரா சீட்டோட முதுகுல அறையும், குழந்தை தலை அங்கதான் இருக்கும். யோசிச்சுத்தான் பேசறீங்களா?"

தெருவே கேட்கும் குரல். தன் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று அவளுக்கே தெரியாது. நாத்தனார் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, "பெரிய வண்டி வாங்க வக்கில்ல, வீறாப்பு மட்டும் வானத்துக்கு" என்று முனகியபடி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கணவன் பஸ்ஸில் வேலைக்குப் போனான். அவள் லீவு போட்டாள். டேப்பை எடுத்துப் பின்சீட்டை ஒரு கதவிலிருந்து மறு கதவுவரை அளந்தாள். பிறகு பெரியவளின் சிம்மாசனத்தை அளந்தாள். அது இருக்கும்வரை வழியில்லை. நாத்தனார் மனசு நோகும் என்று ஒரு நிமிடம் தயங்கினாள். நோகட்டும் என்று கழற்றி வெளியே வைத்தாள்.

சனிக்கிழமை குழந்தைகளைக் கணவனிடம் விட்டுவிட்டு, பையன்களின் சீட் இரண்டையும் ஏற்றிக்கொண்டு கடைக்குத் தானே காரை ஓட்டிப் போனாள். கடைக்காரர் காரை எட்டிப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த வண்டியில மூணு வராதுங்க. ரெண்டோட நிறுத்திக்கிட்டிருக்கணும்" என்று சொல்லிச் சிரித்தார்.

"எதை? சீட்டையா, பிள்ளையையா?"

சிரிப்பு நின்றது.

"இருக்கறதுல ஒல்லியான சீட்டைக் கொண்டுவாங்க. வச்சுப் பார்க்கணும்."

"வாங்கறதுக்கு முன்னாடி வெளிய எடுக்கறதில்லைங்க. அது கடை வழக்கம்."

"அப்ப உங்க வழக்கத்தையே பெல்ட் போட்டு உட்கார வைக்கட்டுமா? வராதுன்னு வாயால சொல்றீங்க. கையால வச்சுக் காட்டுங்க. வரலைன்னா நானே போயிடறேன்."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் உள்ளே போய் ஒல்லி சீட் ஒன்றைத் தூக்கிவந்தார்.

முதலில் புது சீட்டை ஓரத்தில் வைத்தாள். நடுவில் வைத்தது சாய்ந்தது. மூன்றாவதை இறக்கினால் கதவு முழங்கையளவு திறந்தே நின்றது. எல்லாவற்றையும் கழற்றினாள். வியர்வை கண்ணில் இறங்கியது, விரல் முட்டியில் தோல் உரிந்தது. கடைக்காரர், "நான்தான் சொன்னேனே" என்று ஆரம்பித்து, அவள் பார்த்த பார்வையில் அடங்கினார்.

இரண்டாம் தடவை ஒல்லியை நடுவில் வைத்து, அதை முதலில் இறுக்கினாள். ஒரு முழங்காலை அதன்மேல் ஊன்றி, முழு எடையையும் போட்டு, சீட் பெல்ட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பிறகு பையன்களின் சீட்டுகள். நடு சீட்டின் தோள் பகுதி உயரமாக இருந்தது. ஓரத்து இரண்டின் விளிம்புகளும் அந்தத் தோளுக்குக் கீழே நுழைந்துகொண்டன. ஒவ்வொன்றையும் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினாள். விரற்கடைகூட நகரவில்லை. சாய்மானத்தையும் சரி பார்த்தாள். ஒரு கதவைச் சாத்தினாள். மூடிக்கொண்டது. மறு கதவு, அதுவும்.

கடைக்காரர் குனிந்து பார்த்து, "வந்திருச்சே!" என்றார்.

"ம்" என்றாள். புது சீட்டுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தாள்.

வீட்டு வாசலில் கணவன் பார்த்துவிட்டு, "நீ கில்லாடிதான்" என்றான். அவள் சிரிக்கவில்லை. மூன்றையும் கழற்றி அவன் காலடியில் போட்டாள். "இப்ப நீங்க மாட்டுங்க."

அவன் மாட்டினான். ஆடியது. திரும்பக் கழற்றச் சொன்னாள். மூன்றாம் முறை இறுக்கிவிட்டு வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "அன்னிக்கு நான் வேண்டாம்னு சொல்லியிருக்கணும்" என்றான். "அக்காவை எதிர்த்துப் பேசச் சங்கடமா இருந்துது."

"உங்க சங்கடத்துக்கு என் பிள்ளையா கிடைச்சான்?" என்றாள். அன்றும் மறுநாளும் வீட்டில் பேச்சு சோறு, பால் என்ற அளவில்தான் இருந்தது.

மூன்று சீட்டுக்கும் இடம் வேண்டி முன்சீட்டுகளை முன்னால் தள்ள வேண்டியதாயிற்று. அவன் நெட்டை. ஓட்ட உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டும். ஓட்டுவது இனி அவள்தான்.

நாத்தனார் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வருவதை நிறுத்தவில்லை. ஆனால் வாசலோரம் இருந்த சிம்மாசனத்தைக் கண்டதிலிருந்து இவளோடு பேசவில்லை. எல்லாவற்றையும் பெரியவளிடம்தான் சொல்வாள்: "உங்கம்மாகிட்ட சொல்லு, பால் தீர்ந்துபோச்சு."

பையன்களுக்குத் தடுப்பூசி போடும் நாள் வந்தது. முன்சீட்டில் கணவன் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்ததால் காரில் நாத்தனாருக்கு இடமில்லை. அவள் பஸ்ஸில் வந்து ஆஸ்பத்திரி வாசலில் வியர்க்க விறுவிறுக்க நின்றிருந்தாள். கார் நின்றதும், யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்து சின்னவனைத் தூக்கப் பார்த்தாள். வாரைப் பிடித்து இழுத்தாள், முறுக்கினாள். அசையவில்லை.

"இதை எப்படி அவுக்கறது?" என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"சிவப்பு பட்டனை அழுத்துங்க அண்ணி."

"ஒரு கையால முடியலையே."

"முடியக் கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க."

நாத்தனார் கைப்பையைக் காரின் கூரைமேல் வைத்தாள். இரண்டு கட்டை விரல்களாலும் அழுத்தினாள். "உங்கம்மா மாதிரியே பிடிவாதம்" என்று சின்னவனிடம் சொல்லிக்கொண்டே அவனை வெளியே எடுத்தாள்.