சமையலறை வழியாக வருகிறவர்

லாக்லன் மெக்இன்னிஸ் ஓட்டுக் கேட்டுப் போனால் முன்கதவைத் தட்டுவதே இல்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், பின்படியில் பூட்ஸைத் துடைத்து, "அடுப்புல என்ன, வாசனை தூக்குது?" என்றபடி சமையலறைக்குள் வந்துவிடுவார். கிளென்மோரா தொகுதியில் முன்கதவு பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும்தான் திறக்கும். மாகாணத் தலைநகர் ஹாலிஃபாக்ஸிலிருந்து பிரசாரத்துக்கு வரும் கட்சிப் பையன்கள் அதைத்தான் தட்டித் தொலைப்பார்கள். யார் செத்தார்களோ என்று உள்ளே இருப்பவர்கள் பதறிப் போவார்கள்.

மாகாணச் சட்டமன்றத்துக்குக் கன்சர்வேட்டிவ் கட்சிக்காக ஐந்தாவது முறை நிற்கிறார். தொகுதியோ பரம்பரை லிபரல். முதல் இரண்டு முறை மண்ணைக் கவ்வினார். மூன்றாவதில் பதினோரு ஓட்டில் ஜெயித்து, ஆற்றுக்கு ஒரு பாலம் கட்டிக் கொடுத்தார். நான்காவதில் ஒரே ஓட்டில் தோற்றார்.

அந்த ஒரு ஓட்டின் கதை ஊருக்கே தெரியும். ஓட்டு நாளில் யார் கேட்டாலும் வண்டியில் கூட்டிப்போவது அவர் அப்பா காலத்து வழக்கம். மேட்டு வீட்டு எஃபிக் கிழவியும் அவள் தங்கையும் அசல் லிபரல்கள். இருவரையும் சாவடியில் கொண்டுபோய் இறக்கியது சாட்சாத் லாக்லன்தான்.

"உன்னைத் தோக்கடிக்க லிபரல்காரன் எதுக்குய்யா? உன் பெட்ரோலே போதும்" என்று கூட்டுறவுக் கடையில் இன்றும் சிரிக்கிறார்கள். அவரும் கூடச் சிரிப்பார். அன்று வீட்டில் சரியாகச் சாப்பிட மாட்டார்.

வயது எழுபத்தொன்று. இதுதான் கடைசித் தேர்தல் என்று மனைவி மேர்னாவிடம் சத்தியம் செய்திருக்கிறார். இந்த முறையும் இழுபறிதான். ஓட்டு நாள் காலையில் போன் அடித்தது.

"என்னப்பா, வர்றியா? பத்து மணிக்குத் தயாரா இருப்பேன். உன் மூஞ்சி போட்ட வண்டியில ஏற மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் எஃபி.

மேர்னாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "லிபரல் ஆபீசுக்குப் போன் போடச் சொல்லு. அவங்க ஓட்டை அவங்களே தூக்கிட்டுப் போகட்டும்."

"அவங்க பையனுங்க முன்கதவைத் தட்டுவானுங்க, மேர்னா. போன பனிக்காலம் தங்கச்சியை அந்த வழியாத்தானே தூக்கிட்டுப் போனாங்க. கிழவி ஆடிப் போயிடும்."

"மறுபடியும் ஒரு ஓட்டுல தோத்தா?"

ஜெயிக்க வேண்டும் என்று லாக்லனுக்கும் அவ்வளவு ஆசை.

தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வண்டிக் கதவில் ஒட்டியிருந்த, தன் சிரித்த முகம் போட்ட நீலப் பலகையைப் பெயர்த்தெடுத்துப் பின்னால் குப்புறப் போட்டார். எஃபி மிதித்து ஏறுவதற்கான மர முக்காலியைத் தூக்கி அதன்மேல் வைத்தார்.