வெயில் போதாத பிள்ளைத்தாய்ச்சிகள்

கர்ப்பிணிகளிடம் ரத்தம் எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. அதில் வைட்டமின் டி போதவில்லை என்று சொல்லி நம்ப வைப்பதுதான் கஷ்டம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு தாய்சேய் கிளினிக்கில் பதினோரு வருடமாகத் தாதியாக இருக்கிறேன். பன்னிரண்டு மாதமும் வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில், "உங்களுக்கு வெயில் பத்தலை" என்று சொல்ல வேண்டிய பிழைப்பு. ஆட்களின் முகத்துக்கு நேரே நின்று வேலை பார்த்த எவருக்கும் என் பாடு புரியும்.

குடைக்குள் வெயில்

சாலாக் செலாத்தானிலிருந்து வரும் கலைவாணிக்கு ஆறாம் மாதம். ஓயாத இடுப்பு வலி. டாக்டர் மாத்திரை எழுதியதோடு, காலை வெயிலில் கொஞ்சம் நிற்கவும் சொன்னார். அடுத்த முறை வந்தவள், "தினமும் நிக்கிறேன் மிஸ்ஸி" என்று சத்தியம் செய்தாள். எப்படி நிற்கிறாய் என்று கேட்டேன். கைபேசியில் படம் காட்டினாள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் மாதிரி ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டி, கையுறை போட்டு, குடையும் பிடித்திருந்தாள். வெயில் பட்ட ஒரே இடம் செருப்பு. நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம்.

"அடுத்த மாசம் வளைகாப்பு மிஸ்ஸி. போட்டோல கறுப்பா விழுந்தா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

ஜேம் வெயில்

டெங்கிலிலிருந்து வரும் ஒருவர் மனைவியின் ரிப்போர்ட்டை நம்பவே இல்லை. "டெய்லி என்கூடதான் வேலைக்கு வரா. ரெண்டு மணி நேரம் ரோட்டு ஜேம்ல, வெயில்லதான் லா இருக்கோம்!" கார்க் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு உண்டு, வைட்டமின் கிடைக்காது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். மனைவி தலையாட்டினாள். அவர் மட்டும் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"அப்ப டோல் வரும்போது மட்டும் கண்ணாடிய இறக்கினா போதுமா டாக்டர்?"

பதினாலாவது மாடிப் பையன்

பரமேஸ்வரிக்கு செலாயாங்கில் பதினாலாவது மாடி வீடு. இரண்டாவது பிள்ளை உண்டாகி மூன்றாம் மாதம் வந்தபோது, இடுப்பில் இரண்டு வயது மகன். இறக்கிவிட்டால் நாலு எட்டு வைத்து உட்கார்ந்துவிடுவான். கால் லேசாக வளைந்திருந்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்தம் எடுத்தோம். இருவருக்குமே டி ரொம்பக் குறைவு. "தூசி படக்கூடாது, காய்ச்சல் வரக்கூடாதுன்னு வீட்டுக்குள்ளயே வச்சு வளர்த்தேன் மிஸ்ஸி" என்று அழுதாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

மருந்து, காலையில் கீழே விளையாட்டு மைதானம் என்று மாதங்கள் போயின. பிரசவத்துக்குச் சில வாரம் முன்பு வந்தாள். கதவைத் திறந்ததும் பையன் கூடத்தின் குறுக்கே ஓடினான். துண்டுப் பிரசுர அடுக்கைச் சாய்த்தான், எடை மெஷினில் ஏறிக் குதித்தான், மறுபடி ஓடினான். பிடிக்கப் போன என் கையை அவள் பற்றிக்கொண்டாள்.

"பிடிக்காதீங்க மிஸ்ஸி, இன்னொரு ரவுண்டு ஓடட்டும்."

இத்தனை பேரை வெயிலுக்கு விரட்டுகிற நான், விடிவதற்கு முன் ரயிலேறி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவள் என்பதை மட்டும் எங்கள் டாக்டரிடம் சொல்லிவிடாதீர்கள்.