பீர்க்கங்காய்க்குச் சொட்டு மருந்து

மீஞ்சூரைத் தாண்டி அண்ணி குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பீர்க்கங்காய்ப் பந்தல் போட்டபோது, பாதிக்குப் பாதி பிரித்துப் பார்க்கலாம் என்று சொன்னது நான்தான். ஒரு பாதிக்கு வழக்கம்போல் வேரடியில் கைப்பிடி உரம். மறுபாதிக்குச் சொட்டுநீர்க் குழாயில் கரைத்து, வாரந்தோறும் கொஞ்சமாக. வேளாண் பொறியியல் படித்தவள் நான். பிரித்துப் பார்க்காமல் எதையும் நம்ப வராது. அண்ணிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இந்த விளைச்சலில் ஏதாவது மிஞ்சினால்தான் குத்தகை தொடரும். இல்லாவிட்டால் கத்திவாக்கத்தில் மறுபடி இறால் உரிக்கப் போகவேண்டும். ஐஸ் தண்ணீரில் வெடித்த அவள் விரல்கள் அப்போதுதான் ஆறியிருந்தன.

நான் தொட்டியில் உரம் கரைப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

“இன்னா நாத்தனாரே, போலியோ சொட்டு மருந்தா? சோறு எப்போ போடுவ?”

“இதான் அண்ணி சோறு. கொஞ்சம் கொஞ்சமா ஊட்டறோம்.”

“ரெண்டு சொட்டுல எந்தப் புள்ள வளந்துச்சு?”

அன்றிலிருந்து அதற்குச் சொட்டு மருந்து என்றே பெயர். திருவொற்றியூரிலிருந்து ஞாயிறுகளில் மட்டுமே என்னால் போக முடிந்தது. ஒரு ஞாயிறு போனபோது, சொட்டு மருந்துப் பாதி கரும்பச்சையாகப் பந்தலை மூடி நின்றது. பூக்கள் ஏராளம், ஏறக்குறைய எல்லாம் ஆண் பூக்கள். பிஞ்சு தாங்கிய பெண் பூவைத் தேடவேண்டியிருந்தது. கைப்பிடிப் பாதியில் காய்கள் தொங்கின. யூரியா மிஞ்சினால்தான் இப்படி ஆகும். வடிகட்டி, குழாய், கரைசல் அளவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் பிழை இல்லை. அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

“பாவமா இருந்துச்சிமே. அந்தப் பக்கம் வயிறு ரொம்பத் துன்னுது, இது பட்டினி கெடக்குது. நான்தான் யூரியா போட்டுகினு இருந்தேன்.”

கோபம் வந்தது, கூடவே சிரிப்பும். யூரியாவை அடியோடு நிறுத்தி, குழாயில் பொட்டாஷ் மட்டும் விட்டோம். பெண் பூக்கள் தாமதமாக வந்தன. ஆனால் கைப்பிடிப் பாதி ஓய்ந்து கொடி காய்ந்த பிறகும் இந்தப் பாதி காய்த்தது. அதற்குள் சந்தையில் வரத்து குறைந்திருந்ததால் விலையும் கிடைத்தது. குத்தகைக்குப் போதுமான அளவு மிஞ்சியது. அதில் சொட்டு உரத்தின் பங்கு எவ்வளவு, தாமதமாகக் காய்த்த அதிர்ஷ்டம் எவ்வளவு என்று என்னால் நேர்மையாகச் சொல்ல முடியாது. என் ஒப்பீடு அண்ணியின் இரக்கத்தில் கரைந்துவிட்டது.

அடுத்த பட்டத்துக்குப் பந்தல் முழுவதும் குழாய்தான் வேண்டும் என்றாள் அண்ணி. முதல் நாள் வால்வை அவளையே திறக்கச் சொன்னேன். திறந்துவிட்டுக் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“அந்த யூரியா மூட்டைய உன் வூட்டுக்கு எத்துகினு பூடு,” என்றாள். “இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது.”