சுண்ணாம்புப் புள்ளி

இதை எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். எழுதினால் என் திருட்டும் வெளியே வந்துவிடும்.

கவரைப்பேட்டையில் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கேபிள் புதைக்க வந்த மேஸ்திரி அவர். முழங்கால்வரை மடித்த பேன்ட், கையில் சுண்ணாம்புத்தூள் டப்பா. தோண்டுவதற்கு முந்தின நாளே வீடு வீடாகச் சொல்லிவிடுவார்.

“காலைல வாசல்ல பள்ளம் எடுப்போம், சாயங்காலம் மூடிருவோம். வண்டிய இப்பவே வெளிய வெச்சிருங்க. தண்ணி பைப்பு எங்க போவுது?”

எங்கள் குழாய் பஞ்சாயத்துக்குத் தெரியாமல் இழுத்தது. தெரிந்தால் பிடுங்கிவிடுவார்கள். எனக்குப் பொய் நன்றாக வரும். வாசலில் நின்ற இடத்தை விட்டு நகராமல் சொன்னேன்.

“பைப்பே இல்ல நைனா. எங்க ஊட்ல யாரும் குளிக்கறதில்ல.”

“ஒடஞ்சா உனக்குத்தான்பா பேஜாரு,” என்றார். என் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மறுநாள் ஆட்கள் கடப்பாரையோடு வேகமாகத் தோண்டி வந்தார்கள். எங்கள் வாசலில் மட்டும் அவர்களை நிறுத்திவிட்டு, அவரே குனிந்து கையால் மண்ணை அள்ளினார். குழாய்க்கு அடியில் கேபிளை நுழைத்து மூடினார். பஞ்சாயத்திலும் போட்டுக்கொடுக்கவில்லை.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று, முந்தின நாள் என்னோடு வாசலில் இருந்த நண்பனிடம் கேட்டேன்.

“பைப்பு மேலயே நின்னுகினு இல்லன்னு சொன்னா, யாருக்குடா தெரியாது?”