படங்குத் துணியில் ஒரு பாய்

பண்டாரவளைக் கடையொன்றில் புதுப் படங்கை விரித்துக் காட்டினார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அந்தத் தடித்த துணியின் வாசனை பட்டதும், நமுனுகுலப் பக்கம் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே இருந்த, இப்போது மண் நிரப்பி மரக்கறித் தோட்டமாகிவிட்ட குளம் கண்முன் வந்தது.

சின்ன வயதில் ஒரு நாள், அம்மா மறுநாள் கட்டவிருந்த புதுப் படங்கின் மூலையில் அக்கா முக்கோணமாக ஒரு துண்டை வெட்டியிருந்தாள். அம்மா வருவதற்குள் திரும்ப ஒட்டுப்போட்டுத் தைத்துவிடலாம் என்று நினைத்தாள். பலகைப் படகு, மூங்கில் குச்சியில் பாய்மரம், காற்றில் புடைக்கும்படி சற்றுத் தளர்த்திப் பாயாகக் கட்டிய அந்தத் துண்டு, பின்னால் பால்மா டின் தகட்டில் சுக்கான், அதைத் திருப்ப முன்பக்கமாக நீளும் ஒரு கம்பி. முதுகுப் பக்கம் மலைக்காற்று. எதிர்க்கரையில் இடப்பக்கம் கொய்யா மரம், வலப்பக்கம் அம்மா வேலை முடிந்து வரும் பாதை.

"கொய்யா மரத்துக்கு விடுக்கா, கம்பிய இடப்பக்கம் தள்ளு," என்றேன்.

சைக்கிள் ஹேண்டில் மட்டுமே தெரிந்த எங்களுக்கு, கம்பி இடப்பக்கம் போனால் தகடு வலப்பக்கம் போகும், படகும் அந்தப் பக்கமே திரும்பும் என்பது தெரியாது. பாய் நிறையக் காற்றோடு போன படகு, அப்போதுதான் வந்துகொண்டிருந்த அம்மாவின் காலடியில் முட்டி நின்றது.

அம்மா குனிந்து பாயைத் தடவிப் பார்த்தாள். "வாங்கடி வீட்டுக்கு, ரெண்டு பேருக்கும் இருக்கு!"

மறுநாள் காலை, ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பெரட்டில், சிவப்பு நூலால் ஒட்டுப்போட்ட படங்கோடு நின்ற அம்மாவிடம் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்: "என்னக்கா, புதுசு அதுக்குள்ள கிழிஞ்சிருச்சா?"

"கிழியலடி, கப்பலுக்குப் போயிட்டு வந்திருக்கு."